கோர்ஸாக எதுவும் கொடுக்கவில்லை

அந்தக் கட்டிலில் உட்காராதீர்கள், அக்கா. கொஞ்சம் பொறுங்கள். விரிப்பை மாற்றிவிட்டோம் என்றுதான் சொல்வார்கள். மாற்றுவதெல்லாம் இல்லை, திருப்பிப் போடுவார்கள். இதற்கு முன்னால் இங்கே இருந்த பையனுடைய அப்பா செருப்புக் காலோடு அதில் படுத்துக்கொண்டு போனில் படம் பார்ப்பார். பார்த்துக்கொண்டே மூக்கைக் குடைவார். குடைந்ததை எங்கே தடவுவார் என்று கேட்காதீர்கள். அந்தக் கம்பியைத்தான் இப்போது நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தப்பாக நினைக்காதீர்கள். கைக்குழந்தையோடு வந்திருக்கிறீர்களே என்றுதான் சொல்கிறேன். எந்த ஊர் நீங்கள்? வன்னிக்கோனேந்தலா? அங்கிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸிலா வந்தீர்கள்? ஐயோ. சரி, விடுங்கள். வந்தாயிற்று. பாப்பாவுக்கு என்ன, சளியா? இழுக்கிறதா? சரியாகிவிடும். சளிக்கெல்லாம் மருந்து இருக்கிறது.

இது என் மகள், ஆதிரை. நாலு வயசு. தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள். உடம்பைத் தொட்டால் அடுப்பு மேல் கை வைத்த மாதிரி இருக்கும். சிறுநீரில் கிருமி. அது ரத்தத்துக்குப் போய்விட்டது என்கிறார்கள். நேற்று ராத்திரி டாக்டர் தனசிங் வந்து, இனிமேல் ஒரே ஒரு ஊசி மருந்துதான் பாக்கி என்றார். மற்ற எல்லா மருந்தையும் இந்தக் கிருமி தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறதாம். அவர் இப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பாக்கி இருப்பது பழைய காலத்து மருந்தாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்ததாம். இப்போது வேறு வழியில்லாமல் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். இந்த ஊரில் இல்லை. மதுரையிலிருந்து வாங்கி வர இவள் அப்பா விடியும்போதே கிளம்பிப் போனார்.

“அதுவும் கேக்கலைன்னா என்ன டாக்டர்?” என்று கேட்டேன். யாரோ வெளியே கூப்பிட்டது போல அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை, அக்கா.

அதனால்தான் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குத் தனி ரூம் கொடுக்கிறார்கள். வந்த நாளிலிருந்து தனி ரூம் வேண்டும் வேண்டும் என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார்கள். இப்போது தானாகவே வந்து கொடுக்கிறார்கள். விடாமல் கேட்டால் கிடைக்கும்.

இந்த வார்டில் எப்படி அக்கா ஒரு குழந்தை பிழைக்கும்? நீங்களே சொல்லுங்கள். தரை துடைக்க வருகிற அம்மாவைப் பார்ப்பீர்கள். ஒரே துணிதான். கக்கூஸில் கிளம்பி, கட்டில் கட்டிலாகச் சுற்றி, மறுபடி கக்கூஸுக்கே போய்ச் சேரும், நிலைக்குத் திரும்புகிற தேர் மாதிரி. அந்த மூலைக் கட்டில்காரர்களைப் பாருங்கள். பார்க்காத மாதிரி பாருங்கள். மீன் குழம்புத் தூக்குவாளியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், மூத்திரப் பானைக்குப் பக்கத்தில். நேற்று அந்த வீட்டுப் பெரியம்மா ஒருத்தி திருநீறு கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பூசிக்கொண்டே வந்தாள். பூசினால் போதாதா? நெற்றியில் ஊதவும் வேண்டுமாம். வாய் நிறையப் புகையிலை. என் மகள் முகத்துக்கு நேரே குனிந்தாள். நான் என் கையை நடுவே வைத்துவிட்டேன். “சாமி காரியத்தத் தட்டுதியே தாயி” என்று என்னைப் பார்த்துச் சொல்கிறாள். என் உள்ளங்கையில் ஈரமாக விழுந்தது. சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் அந்த வாடை அடிக்கிறது.

டாக்டர் மட்டும் ஒழுங்கா? ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அந்தப் பிள்ளை நெஞ்சில் வைக்கிறார், அதே ஈரத்தோடு என் மகள் நெஞ்சில் வைக்கிறார். “துடைச்சிட்டு வைங்க டாக்டர்” என்றேன். வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நான் கான்வென்டில் படித்தவள். தினமும் பிரேயரில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மதர் வரிசையாக நகத்தைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். அழுக்கு இருந்தால் ஸ்கேலைத் திருப்பி விரல் முட்டியில் ஒரு அடி. பன்னிரண்டு வருஷம் படித்தேன், ஒருநாள்கூட நான் அடி வாங்கினதில்லை. சுத்தத்துக்கான பேட்ஜை எனக்குத்தான் குத்திவிடுவார்கள்.

இவளுக்கு எப்படி வந்தது என்றா கேட்கிறீர்கள்? அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

என் நாத்தனார் கோமு மகள் கல்யாணம், கோவில்பட்டியில். அந்த மண்டபத்துக் கக்கூஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பார்க்காததே நல்லது. வாளியில் பாசி. மக்கின் விளிம்பில் யாருடைய மஞ்சளோ குங்குமமோ. இவள் அவசரம் அவசரம் என்று குதிக்கிறாள். நான் டெட்டால் பாட்டிலை ரூமில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கோமு வந்து, “எங்க பிள்ளைகளெல்லாம் போகலையா? உன் பிள்ள மட்டும் தங்கத்துலயா பெய்யும்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன். ஊர் திரும்பினதும் எரியுது எரியுது என்று அழுகிறாள், குளிர் காய்ச்சல் வந்து தூக்கித் தூக்கிப் போடுகிறது. கோமு இங்கே பார்க்க வந்தாள். ஆப்பிள் கொண்டுவந்தாள். அதை நான் தொடவில்லை.

உடனே டாக்டரிடம் ஓடுகிற ஆள் இல்லை நான். அங்கே வெளியே உட்கார்ந்திருக்கிற கூட்டத்தின் இருமலையெல்லாம் வாங்கிக்கொண்டுதானே வீட்டுக்கு வர வேண்டும்? எங்கள் ஃபிளாட்டில் நாங்கள் அம்மாக்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். யார் வீட்டில் எந்த மருந்து மிஞ்சினாலும் என் வீட்டுக்கு வந்துவிடும். என் ஃபிரிட்ஜ் கதவில் கீழ்த்தட்டு அதற்குத்தான். ரோஸ், ஆரஞ்சு, வெள்ளை என்று பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பவுடரில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குகிற சிரப்புகள்தான் அதிகம். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்தையும் வெந்நீரில் துடைப்பேன். அளவு மூடிகளைத் தனியாகக் கொதிக்கவைப்பேன். எந்தப் பிள்ளைக்கு, என்ன உபத்திரவத்துக்குக் கேட்டது என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவேன். கர்சிவ் எழுத்து, பார்க்க அச்சு மாதிரி இருக்கும். மூன்றாவது மாடி பெனிட்டா, “உன் ஃபிரிட்ஜுகிட்ட மெடிக்கல் ஷாப்பே தோத்துரும்டீ” என்பாள். அவள் பையன் ரோஹனுக்குப் போன மழைக்காலத்தில் தொண்டை வீங்கினபோது என்னிடம்தான் ஓடிவந்தாள். ஒரே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அதற்காக நான் மருந்தாக ஊற்றுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அது எனக்குப் பிடிக்காது. சில அம்மாக்கள் இருக்கிறார்கள், டாக்டர் எழுதினார் என்று பாட்டில் காலியாகிறவரை கொடுப்பார்கள். காய்ச்சல் விட்ட பிறகும்! பிள்ளை ஓடியாடி விளையாடுகிறது, அம்மா ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள். ஆன்டிபயாடிக் என்றால் சூடு, அக்கா. குடலை வறுத்துவிடும். காய்ச்சல் இறங்கினதும் நான் நிறுத்திவிடுவேன். மிச்சத்தைக் கொட்டவும் மாட்டேன், வேறொரு பிள்ளைக்கு ஆகுமே.

இவளுக்கும் அளவாகத்தான் கொடுத்தேன். முதலில் ரோஹனுக்குக் கேட்ட ரோஸ் மருந்து. மறுநாளே காய்ச்சல் ஓடிவிட்டது. நிறுத்திவிட்டேன். திரும்ப வந்தது. இந்தத் தடவை ரோஸ் கேட்கவில்லை. ஆரஞ்சு கொடுத்தேன், கேட்டது. நிறுத்தினேன். மறுபடியும் வந்தது. இவள் அப்பா, “ஏய், ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருவமா?” என்றார். “எதுக்கு, அங்க போய் இன்னொரு சீக்கை வாங்கிட்டு வரவா?” என்றேன். எடுத்த வண்டிச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார். அவர் எப்போதுமே அப்படித்தான்.

அதற்கப்புறம்தான் பால்துரை அண்ணாச்சி கடைக்குப் போனேன். எங்கள் தெருமுனை மெடிக்கல். மற்றவர்களிடம் டாக்டர் சீட்டு கேட்பார். என்னிடம் கேட்க மாட்டார். “நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். அவனவன் சளி மாத்திரைக்குப் பேர் தெரியாம நிக்கான், நீங்க இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங்கோட சொல்லுதீங்க” என்று சிரிப்பார். அவர் கொடுத்தது பெரியவர்கள் மாத்திரை. பாதியாக உடைத்து, தேனில் குழைத்துக் கொடுத்தேன். உடைக்கிற கத்தியைக்கூடக் கொதிக்கவைத்துத்தான் உடைத்தேன். இரண்டு வேளைதான். நன்றாகத்தான் இருந்தாள், அக்கா. அன்றைக்குச் சாயங்காலம் பார்க்கில் ஊஞ்சல் ஆடினாள்.

அப்புறம் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து என்னை யாரோ மாதிரி பார்த்தாள். தூக்கிக்கொண்டு இங்கே ஓடிவந்தோம்.

டாக்டர் கேட்டார். “முன்னாடி ஏதாவது ஆன்டிபயாடிக் கோர்ஸ் போயிருக்காம்மா?”

“இல்லை டாக்டர். கோர்ஸாக எதுவும் கொடுக்கவில்லை” என்றேன்.

உண்மைதானே? ஒரு கோர்ஸைக்கூட நான் முடித்ததில்லை. பொய் சொல்லப் பழகினவள் இல்லை நான். இவள் அப்பா பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது. நான் டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்ப முதல்ல சாதாரண மருந்துலயே ஆரம்பிப்போம்” என்று ஊசி எழுதினார். இன்றைக்குக் குறையும், நாளைக்குக் குறையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். குறையவில்லை. வேறு மாற்றினார். அதுவும் கேட்கவில்லை. பிஞ்சுக் கை, ஊசி போட இடம் தேடித் தேடிக் குத்தினார்கள். இப்போது காலில் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

சிறுநீரைச் சோதித்த ரிசல்ட் வந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்தக் கிருமிக்கு நம்ம மருந்தெல்லாம் பழகிப் போச்சும்மா. தோத்து ஓடாம அரைகுறையா அடி வாங்கிட்டு நின்னு நின்னு, எப்படித் தப்பிக்கிறதுன்னு கத்துக்கிட்டு வந்திருக்கு. அதுக்கு எங்கயோ சந்தர்ப்பம் கிடைச்சிருக்கு” என்றார்.

“இந்த வார்டைப் பாருங்க டாக்டர், சந்தர்ப்பத்துக்கா பஞ்சம்?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “இங்கயும் குறை இருக்குதும்மா, இல்லைன்னு சொல்லலை. ஆனா இது பிள்ளை வந்த அன்னைக்கே எடுத்த யூரின். உள்ள வரும்போதே கிருமி இருந்திருக்கு” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் நம்பவில்லை. அந்தச் சாம்பிள் டப்பாவை யார் திறந்து வைத்தார்களோ, யார் பிள்ளையுடையதோடு மாற்றி வைத்தார்களோ. லேபில் இருக்கிறவன் காதைக் குடைந்த கையோடு டப்பாவை வாங்கினதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும், நேற்றிலிருந்து கொஞ்சம் ஒழுங்காகியிருக்கிறார்கள். நான் ஆபீஸ் ரூமில் போய்ச் சத்தம் போட்டது வீண்போகவில்லை. இப்போது என் மகளைத் தொட வருகிறவர்கள் எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். மேலே ஒரு பச்சை அங்கி வேறு. இவளுக்கென்று தனி ஸ்டெதாஸ்கோப், தனி தெர்மாமீட்டர். வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி இல்லை, கவனித்துப் பாருங்கள். நீங்கள் இருக்கிற கட்டிலில்கூட யாரையும் போடாமல் வைத்திருந்தார்கள். என் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, அதனால். இன்றைக்குக் கூட்டமோ என்னவோ, கீழே தெரியாமல் உங்களை அனுப்பிவிட்டார்கள். பரவாயில்லை. நீங்கள் சுத்தமாகத்தான் இருக்கிறீர்கள். தலையில் எண்ணெய் வாடை மட்டும்தான்.

அதுவா? அது ஒன்றுமில்லை, ஏதோ மஞ்சள் அட்டை. நேற்றுச் சாயங்காலம் கட்டில் தலைமாட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். இங்கிலீஷில் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். முழுதாகப் படிக்கவில்லை. துண்டு ஈரமாக இருந்தது, காயப்போட வேறு இடம் இல்லை, அதன்மேல் போட்டேன்.

அட, அங்கே பாருங்கள். முழித்துவிட்டாள். உங்கள் பாப்பாவைப் பார்க்கிறாள். ஆதிரை, பாப்பாடா. குட்டிப் பாப்பா. என்ன பேர் அக்கா? இன்னும் வைக்கவில்லையா? இன்னும் பேர் வைக்கலையாம்டா, நீ ஒரு பேர் சொல்றியா?

வேண்டாம் அக்கா, ரொம்பக் கிட்டே கொண்டு வராதீர்கள். உங்களுக்காகச் சொல்லவில்லை. சளி பிடித்த குழந்தை, எச்சில் ஒழுகுகிறது, இவள் உடம்பு இருக்கிற இருப்பில்...

சிரிக்கிறாள்.

அக்கா, சிரிக்கிறாள் பாருங்கள். இவள் அப்பா பலூன் ஊதி, குரங்கு மாதிரி குதித்தெல்லாம் காட்டினார், வாய் கோணவில்லை. இப்போது பாருங்கள். சரி, வாருங்கள். பக்கத்தில் வாருங்கள். ஒரு நிமிஷம்தானே. கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா உதைக்கிறது, விடமாட்டேன் என்கிறாள்! என் கையில்கூட இவ்வளவு பலமாக இவள் பிடிக்கவில்லை, அக்கா, இத்தனை நாளில். நீங்கள் இவள் தலையைத் தடவுங்கள், ஒன்றும் ஆகாது. சூடாக இருக்கிறதா? ஆமாம். அப்படித்தான் இருக்கிறது. உங்கள் கை குளிர்ச்சியாக இருக்கிறது போல, கண்ணை மூடுகிறாள் பாருங்கள். பாப்பா அந்தக் காலைத் தூக்கி வாயில் வைக்கப் பார்க்கிறது. எல்லாக் குழந்தையும் அப்படித்தான். இவளும் சின்னதில் அப்படித்தான் வைப்பாள்.

வாங்க சிஸ்டர். ரூம் ரெடியா?

“ஆதிரை அம்மா! போர்டு மேல துண்ட யாரு போட்டது?”

காயப்போட்டேன் சிஸ்டர்.

“இந்தக் கட்டிலை இவங்களுக்கு யாரு குடுத்தா? காலியா வைக்கணும்னு சொல்லியிருக்கே! எம்மா, பச்சப்பிள்ளையத் தூக்குங்க. தூக்குங்கங்கேன்! கையுறை இல்லாமலா தொட்டீங்க? அந்தப் பிள்ளை இதத் தொட்டுச்சா?”

காலைத்தான் சிஸ்டர். விரலை மட்டும்தான் பிடித்தாள். அதற்கு எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள்? அவள் பயப்படுகிறாள் பாருங்கள்.

“இந்தக் கிருமி இந்தப் பச்சமண்ணுக்கு வந்துச்சுன்னா என்னத்தக் குடுத்துக் காப்பாத்துவோம்? போம்மா, அந்த வாஷ்பேசின்ல போய்க் கழுவு. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு. பிள்ளை காலையும் நல்லாத் தேய்ச்சுக் கழுவு, வாயில வைக்கதுக்கு முன்னால.”

சிஸ்டர், ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்தக் கையுறை, அங்கி, தனி ரூம் எல்லாம் இவளைக் காப்பாற்றத்தானே? மற்றவர்களிடமிருந்து இவளுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்றுதானே? நான் புகார் சொன்னேனே, அதனால்தானே சிஸ்டர்?

“எல்லாரையும் காப்பாத்தத்தாம்மா. உங்க வீட்டுக்காரர் மருந்தோட வந்துட்டாரு, கீழ டாக்டர்கிட்ட நிக்காரு. ரூமுக்கு மாத்தினதும் முதல் டோஸ் ஆரம்பிக்கணும். நான் போய் ஸ்ட்ரெச்சர் கொண்டாரேன். அதுவரைக்கும் நீங்களும் யாரையும் தொடாதீங்க.”

போய்விட்டார்கள்.

அக்கா. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அட்டையை மறைக்க வேண்டும் என்று போடவில்லை. நீங்கள் முதலிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்கள். சரி, திரும்ப வேண்டாம். கழுவுங்கள். முதலில் கழுவுங்கள். அவ்வளவு அழுத்தித் தேய்க்காதீர்கள், பாப்பா கதறுகிறது, தோல் சிவந்துவிட்டது. மெதுவாக. விரல் இடுக்கில் மட்டும் நன்றாகத் தேய்யுங்கள். ஆமாம், அப்படித்தான். இன்னொரு தடவை தண்ணீர் விடுங்கள்.

என்னடா தங்கம்? எழுந்திருக்காதே, காலில் ஊசி இருக்கு. என்ன?

“பாப்பா கால்ல அழுக்கா?” என்று கேட்கிறாள்.

இல்லடா. அழுக்கு இல்ல. பாப்பாவோட அம்மா சும்மா கழுவுறாங்க.

“நான் தொட்டதுக்கா?”

அக்கா, குழாயைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சோப்பு வேண்டாம். அது பொதுவில் கிடக்கிறது, நானும் அதில்தான் கை கழுவினேன், இவளைத் தொட்ட கையை. என் பையில் புதுச் சோப்பு ஒன்று இருக்கிறது, உறைகூடப் பிரிக்கவில்லை. இதோ, அந்த விளிம்பில் வைத்துவிட்டு நான் தள்ளி நின்றுகொள்கிறேன். பயப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா, இவள் அதைத் தொடவே இல்லை.